மூன்று உடல் கண்ட முகம்

மனிதர் இடம்பெயர்வர், கட்டடங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும் என்பது பொதுவான எண்ணம். ஆயின் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரிலே, தான் பிறந்த வீதியை விட்டுப் பெயர்ந்து, தன் உடலை இருமுறை இழந்து, மூன்றாவது உடலோடு இன்றும் நின்றுகொண்டிருக்கும் கல்முகப்பு ஒன்று உண்டு. அது மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடத்திலே இருக்கிறது. அதன் வரலாறு, அதனை ஒருபோதும் நேரிற் கண்டிராத ஒரு மாணவியை ஒரு விடுமுறை முழுவதும் உறங்கவிடாது செய்தது.

1851 இல் விக்டோரியாவிலே பொன் கண்டெடுக்கப்பட்டதும் மெல்பேர்ண் சில ஆண்டுகளுள்ளேயே செல்வ நகராயிற்று. பொன் சென்ற இடத்துக்கு வங்கியும் செல்வது இயல்பு. 1850களின் பிற்பகுதியில் நியூ சவுத் வேல்ஸ் வங்கிக்கெனக் கொலின்ஸ் வீதியில் மாளிகையொன்று எழுந்தது. அதனை வரைந்தவர் யோசப் றீட். அந்நகரின் பொது நூலகத்தையும், 1880 ஆம் ஆண்டின் பொருட்காட்சி மண்டபத்தையும் வரைந்தவர் அவரே. வங்கியின் முகப்பு மணற்கல்லால் ஆனது. தூண்களும் வளைவுகளுமாக வெனிஸ் நகரத்து மறுமலர்ச்சிக்காலக் கட்டடங்களை நினைவூட்டுவது. தென்கடலோரத்துப் புதுநகரொன்று தனக்கு இல்லாத பழைமையைக் கல்லிலே வரவழைத்துக்கொண்டது போலும்!

1930களில் அவ்வங்கிக் கட்டடம் இடிக்கப்பட்டது. முகப்பை இழக்க மனமின்றி அதனைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தனர். கற்கள் கழற்றப்பட்டு, நகரின் நடுவிலிருந்து பல்கலைக்கழக வளவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கு எழுந்த வணிகவியற் கட்டடத்தின் முன்னே மீண்டும் அடுக்கப்பட்டன. பணம் எண்ணியவர்களுக்காக எழுந்த வாயில், பணத்தைப் பற்றிக் கற்பவர்களுக்கு வாயிலாயிற்று. பின்னர் இந்நூற்றாண்டில் அவ்விடத்து நின்ற பழைய கட்டடங்கள் அகற்றப்பட்டுப் புதிய கட்டடமொன்று எழுந்தபோது முகப்பு மீண்டும் தப்பியது. 2009 இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் யோன் வார்டில் நிறுவனத்தாரும் பொஸ்ரன் நகரத்து நாடா நிறுவனத்தாரும் இணைந்து வென்றனர். 2014 இல் கட்டடம் திறக்கப்பட்டது. றீடின் கல்முகம் அதன் ஒரு புறத்திலே பொருந்தி நிற்கிறது.

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலிருந்து வந்து, வேறொரு மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்திற் பயிலும் அம்மாணவி இதனை வாசிக்க நேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அவள் விரிவுரை கேட்பது பழைய பகுதியொன்றிலே. உயர்ந்த கூரை, ஒரு முழத்துக்கும் மேற்பட்ட தடிப்புடைய சுவர், மரச்சட்டங்கள் இட்ட நெடிய யன்னல்கள். மழைக்காலத்தில் ஓட்டின் இடுக்கால் நீர் சொட்டும். அந்நாட்களில் மாணவர் வாங்குகளை நகர்த்திக்கொண்டு விரிவுரை கேட்பர். ஒருநாள் அறிவித்தற் பலகையிலே வரைபடமொன்று தொங்கியது. பழைய முகப்பு அப்படியே நிற்க, அதன் பின்னே ஆறு மாடிகளில் கண்ணாடிக் கட்டடம் எழுந்திருந்தது. மரபும் பேணப்படும், சூழலும் பேணப்படும் என்று அதன் கீழே எழுதப்பட்டிருந்தது. மாணவர் பலர் மகிழ்ந்தனர், இடப்பற்றாக்குறை அத்தகையது. அவளும் மகிழ்ந்தாள். அத்திட்டத்தை ஆதரித்துக் கட்டுரையொன்று எழுதுவதற்கு உதாரணந் தேடியபோதுதான் மெல்பேர்ண் முகப்பு அவளுக்கு அகப்பட்டது.

ஆதரிப்பதற்கு வேண்டியன யாவும் அங்கே இருந்தன. புதிய கட்டடத்தின் நடுவே பெரிய முற்றம் ஒன்று உண்டு. அதன் மேலே மரத்தாலான கூரை. மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேலொன்றாக ஒட்டிச் செய்த விட்டங்கள் இருபது மீற்றருக்கும் மேற்பட்ட இடைவெளியைத் தாண்டி நிற்க, அவற்றிடையே பகலொளி இறங்குகிறது. அக்கூரையிலிருந்தே வகுப்பறைகள் சில தூங்கணாங்குருவிக் கூடுபோலத் தொங்குகின்றன. வெளிப்புறத்திலே துளையிட்ட உலோகத் திரைகள் வெயிலை மறிக்கின்றன. பகலில் விளக்கு வேண்டாத இடத்திலே மின்சாரமும் வேண்டியதில்லை. வெயில் படாத கண்ணாடியின் பின்னே குளிரூட்டியின் வேலையும் குறையும். அவுஸ்திரேலியாவிலே கட்டடங்களின் சூழற்றகைமையை அளந்து நட்சத்திரம் வழங்கும் முறை ஒன்று உண்டு. அதிலே மிக உயர்ந்ததான ஆறு நட்சத்திரத்தை இக்கட்டடம் பெற்றது. இன்னுமொன்று: பழைய கட்டடத்தினுள்ளே, 1960களில் சிகெரு யுரா என்னும் கட்டடக்கலைஞர் அமைத்த யப்பானிய அறையொன்று இருந்தது. அதனையும் எறிந்துவிடாது புதிய கட்டடத்தினுள்ளே பேணினர்.

இவ்வறையைப் பற்றி வாசித்தபோதுதான் அவளுக்கு முதலாவது ஐயம் எழுந்தது எனலாம். வீதியாற் செல்வோர் எவர் கண்ணிலும் அவ்வறை படாது. முகப்பைக் காப்பாற்றினால் ஊர் பாராட்டும். உள்ளறையைக் காப்பாற்றினால் உள்ளே செல்பவன் மாத்திரமே அறிவான். அப்படியிருந்தும் அதனைக் காத்தனர். அவளுடைய பல்கலைக்கழகத்து வரைபடத்திலோ உள்ளே இருந்த ஒன்றுகூட எஞ்சவில்லை. மாடிப்படியின் தேய்ந்த மரக்கைப்பிடி இல்லை, விறாந்தை இல்லை, தலைமுறை தலைமுறையாக மாணவர் தம் பெயரைக் கீறிவைத்த வாங்குகளும் இல்லை. (பெயர் கீறுவது குற்றமே. ஆயினும் சில பெயர்கள் இன்று நூல்களின் அட்டையிலே காணப்படுவன.)

விடுமுறைக்கு வீடு சென்றபோது கைப்பேசியிலே மெல்பேர்ண் முகப்பின் படத்தைப் பாட்டனாருக்குக் காட்டினாள். அவர் நாற்பது ஆண்டுகள் மேசன் வேலை செய்தவர். நாற்சார் வீடுகளைத் திருத்துவதிலே ஊரிற் பெயர் பெற்றவர். படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

“நல்ல கல்வேலை. பின்னால என்ன கிடக்கு?”

“புதுக் கட்டடம், அப்பு. முன்பக்கம் மட்டுந்தான் பழசு.”

“அப்ப அது மதிலெல்லோ, பிள்ளை?”

அவள் வாதிட்டாள். வங்கியினின்றும் ஏற்கெனவே பிரிந்து வந்த முகப்பு அது. இடித்திருந்தால் அதுவும் இருந்திராது. இருப்பது இல்லாததிலும் மேலன்றோ என்றாள். கிழவர் மறுக்கவில்லை. மதிலும் தேவையானதுதான் என்றார்.

அவர் அறியாமலே தொட்ட பொருள், மேனாட்டுக் கட்டடக்கலைஞரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்படுவது. முகப்பை மாத்திரம் நிறுத்திவிட்டு உள்ளே முழுவதையும் மாற்றுவதனை முகமூடி இடுதல் என்று பழிப்போர் உளர். கட்டடம் என்பது வீதிக்குக் காட்டும் முகம் மாத்திரமன்று; அறைகளின் ஒழுங்கும், மாடங்களின் உயரமும், ஒளி புகும் வழியும், மனிதர் நடந்து தேய்ந்த தரையும் சேர்ந்ததே கட்டடம் என்பர் அவர். நகரின் நடுவே நிலத்தின் விலை ஏறிவிட்ட காலத்திலே வீதியின் தோற்றத்தையாவது காப்பதற்கு வேறு வழி இல்லை என்பர் மற்றையோர். இரு பகுதியாரும் முழுப்பொய் சொல்வதாகத் தெரியவில்லை. மெல்பேர்ண் முகப்பிலே ஒரு நேர்மை உண்டு: பின்னால் நிற்பது தன் உடல் என்று அது நடிப்பதில்லை. அது இடம்பெயர்ந்த கதை அப்பல்கலைக்கழகத்தார் அறிந்த கதை. கல்லுக்கும் புதுச் சுவருக்கும் இடையிலான வேறுபாடும் கண்ணுக்குத் தெரிய விடப்பட்டிருக்கிறது.

ஆயினும் சூழலைப் பேணுதல் என்று வரும்போது கணக்கு வேறாகிறது. இதனை அவள் மெல்லத்தான் உணர்ந்தாள். ஒரு கட்டடம் இரண்டு வகையில் எரிபொருளை உண்ணும். ஒன்று, அது நின்று நிலவும் காலத்தில் விளக்குக்கும் குளிரூட்டிக்கும் உண்பது. மற்றையது, அது பிறப்பதற்கு முன்னரே உண்டுவிடுவது. கல்லுடைத்தல், செங்கல் சுடுதல், இரும்புருக்கல், ஏற்றி இறக்கல் யாவும் இரண்டாவதிலே அடங்கும். சாதாரண போட்லண்ட் சீமெந்து ஒரு தொன் செய்வதற்கு ஏறத்தாழ 0.8 முதல் 0.9 தொன் வரையான காபனீரொட்சைட்டு வளியிற் சேர்கிறது. அதிலே பாதிக்கு மேற்பட்டது சூளையின் எரிபொருளால் வருவதன்று. சுண்ணக்கல் வெந்து பிரியும்போது அக்கல்லிலிருந்தே வெளிப்படுவது. ஆகவே எந்த நல்ல எரிபொருளை இட்டாலும் அப்பங்கு நீங்காது. மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டிலே நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சீமெந்துத் தொழிலாலேயே உண்டாவது என்று கணித்துள்ளனர்.

நிற்கும் கட்டடம் ஒன்றிலே இச்செலவு எப்போதோ செய்து முடிக்கப்பட்டது. அதனை இடித்தால் அச்செலவு வீணாகும். புதிது கட்டினால் மீண்டும் ஒருமுறை செலவாகும். அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னப் பேணலுக்கான தேசிய நிதியத்தார் 2012 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனை அளந்து பார்த்தது. மின்சாரத்தை நூற்றுக்கு முப்பது பங்கு குறைவாக உண்ணும் புதிய கட்டடமாயினும், தான் பிறக்கும்போது சூழலுக்கு இழைத்த தீங்கை ஈடுசெய்வதற்கு 10 முதல் 80 ஆண்டுகள் வரை செல்லும் என்பது அதன் முடிபு. எண்பது ஆண்டு என்பது பாட்டனாரின் வயது. வங்கி முகப்பு தன் முதலுடலோடு வாழ்ந்த காலமும் ஏறத்தாழ அவ்வளவே.

இக்கணக்கிலே முகப்பின் பங்கு மிகச் சிறிது. கட்டடமொன்றின் எடையெல்லாம் தரையிலும் தூணிலும் உட்சுவரிலுமே இருக்கிறது; முன்சுவர் ஒன்றை விட்டுவிட்டு ஏனையவற்றை இடித்தால் ஏறத்தாழ முழுவதையும் இடித்ததாகவே முடியும். அன்றியும், பின்னால் தாங்குவதற்கு எதுவுமின்றி ஒரு சுவரைத் தனியே நிறுத்திவைப்பது எளிதன்று. புதிய தளங்கள் வந்து அதனைப் பற்றிக்கொள்ளும்வரை உருக்குச் சட்டங்களால் அதனைத் தாங்கவேண்டும். அவ்வுருக்கும் உலையிலிருந்து வருவதே. எனவே முகப்பைக் காத்தல் நினைவின் பொருட்டுச் செய்யப்படுவது, சூழலின் பொருட்டன்று. நினைவுக்காகச் செய்வது தவறாகாது. அதுவே போதிய காரணமாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே கல்லைக் காட்டி இரண்டு கடனையும் தீர்த்துவிட்டதாகச் சொல்வது வியாபாரியின் சொல். மெல்பேர்ண் கட்டடம் பெற்ற ஆறு நட்சத்திரமும் உண்மை. அதன் பொருட்டு அகற்றப்பட்ட கட்டடங்களும் உண்மை. முதலாவதை அறிவித்தற் பலகையில் எழுதலாம். இரண்டாவதை எழுதுவதற்கு எந்தப் பலகையிலும் இடம் விடப்படுவதில்லை.

இவ்விடத்து இலங்கைப் பல்கலைக்கழகங்களின் தோற்றத்தை எண்ணாதிருக்க அவளால் முடியவில்லை. இந்நாட்டில் உயர்கல்வி தனக்கெனக் கட்டிய வீட்டில் எப்போதும் பிறந்ததன்று. 1921 இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அதன் இருப்பிடங்களுள் ஒன்று செல்வர் குடும்பமொன்று வாழ்வதற்கெனக் கட்டிய மாளிகை. றெஜினா வளவு என்ற அது கல்லூரி இல்லம் எனப் பெயர் மாறிற்று. யாழ்ப்பாணத்திலே 1974 இல் வளாகம் ஆரம்பித்தபோது அது சென்று குடியேறியது சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியிலே. பள்ளிக்கூடம் பல்கலைக்கழகமாயிற்று. எவரும் அதனைப் பேண்தகு மீளபிவிருத்தி என்று அழைக்கவில்லை. கையில் இருந்தது அதுவே, ஆதலால் அதிலே இருந்தனர். வறுமை கற்பித்த சிக்கனம் என்று சிலர் அதனை இகழக்கூடும். எனினும் அந்த ஆய்வாளர் எண்ணிச் சொன்ன முடிபுக்கு இவர்கள் எண்ணாமலே வந்து சேர்ந்திருந்தனர்.

பாட்டனாரிடம் கேட்க அவளிடம் இன்னுமொரு கேள்வி இருந்தது. அதனைக் கேட்பதற்குத் தயங்கினாள். யாழ்ப்பாணத்திலே முகப்பைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் ஈற்றிலே சென்று நிற்கும் இடம் ஒன்றுதான். 1959 இல் திறக்கப்பட்ட பொது நூலகம் 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எரிந்த சுவர்களை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டுதல் வேண்டும் என்றோர் இருந்தனர். பழைய தோற்றத்திலேயே மீளக் கட்டவேண்டும் என்றோரும் இருந்தனர். ஈற்றில் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே பழைய முகத்தோடு அது மீண்டும் வெண்மையாக எழுந்தது.

“நீங்கள் அப்ப போய்ப் பாத்தனீங்களோ, அப்பு?”

“போனனான். அண்டைக்கு ஆர் போகேல்லை?”

அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்பு மேசனுக்குரிய முறையிலேயே விடை சொன்னார். சுவர் நின்றது என்றார். நெருப்பிலே வெந்த சாந்து கையால் தொட உதிர்ந்தது. ஆயினும் சுவர் நின்றது. உள்ளே சாம்பல் முழங்காலளவு கிடந்தது.

“பிறகு திருப்பிக் கட்டினாப்போலை போய்ப் பாத்தன். வேலை நல்ல வேலை, பிள்ளை. குறை சொல்லேலாது. ஆனா அந்தச் சாம்பலுக்குள்ள கிடந்ததை ஆர் கட்டுறது?”

நூலகத்தை மீளக் கட்டியமை பிழை என்று அவர் சொல்லவில்லை. அவளும் அவ்வாறு விளங்கிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் இன்று அங்கு சென்று வாசிக்கின்றனர். அவளே பாடசாலைக் காலத்திலே அங்கு வாசித்தவள். ஆயினும் முகம் மீண்டுவிட்டால் எல்லாம் மீண்டுவிட்டது போன்றதொரு மயக்கம் பார்ப்பவர்க்கு உண்டாகிறது. அம்மயக்கம் சிலருக்கு வசதியானதும்கூட.

அன்று பின்னேரம் அவர் பேச்சை வேறு வழியிலே திருப்பினார். பழைய வீடுகளைக் கெடுப்பது மழையன்று, சீமெந்து என்றார். சுண்ணாம்புச் சாந்திட்ட சுவர் ஈரத்தை உறிஞ்சி வெயிலிலே வெளிவிடும். அதன்மீது சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, கல்லையே தின்றுவிடும். ஆகையால் திருத்துவோர் முதலிற் கற்கவேண்டியது பூசுவதையன்று; பூசாது விடுவதை. சுண்ணாம்பைச் சுடும்போதும் காபனீரொட்சைட்டு வெளிவரும் என்று அவள் தான் கற்றதைச் சொன்னாள். சுவரிலே இட்ட சுண்ணாம்பு ஆண்டுக்கணக்காக வளியிலிருந்து அதிலொரு பங்கை மீள உறிஞ்சியே கல்லாக இறுகுகிறது என்பதையும் சொன்னாள். அது அவருக்குப் புதிய செய்தி. சுவர் மூச்சு விடும் என்று தம் தகப்பனார் சொன்னது அதுதான் போலும் என்று சொல்லிச் சிரித்தார்.

பின்பு அவள் தன் பல்கலைக்கழகத்து வரைபடத்தைக் காட்டினாள். அறிவித்தற் பலகையிலே தொங்கியதனைக் கைப்பேசியிற் படமெடுத்து வைத்திருந்தாள். கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆறு மாடியையும் பார்க்கவில்லை. கீழே எழுதியிருந்ததை வாசிக்கவுமில்லை. பழைய முகப்பின் மேல்வரிசை யன்னல்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார்.

“இதுக்குப் பின்னால என்ன கோடு?”

அவள் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். புதிய கட்டடத்தின் மாடிகள் பழைய அறைகளிலும் உயரம் குறைந்தவை. ஆதலால் இரண்டாம் மாடியின் கொங்கிறீற்றுத் தளம், நெடிய யன்னல்களின் நடுவே குறுக்காகச் சென்றது. அத்தனை நாளும் அவள் அதைக் கவனித்திருக்கவில்லை.

“தட்டு, அப்பு. மேல்மாடித் தட்டு.”

“அப்ப இந்த யன்னலுகள் துறக்காது.”

“துறக்காது.”

“கூரைத் தண்ணி எங்கால வந்து விழுது?”

வரைபடத்திலே அது காட்டப்பட்டிருக்கவில்லை. விடுமுறை முடிந்து திரும்பியபின் அக்கட்டுரையை அவள் எழுதினாள். தான் எழுத நினைத்திருந்ததை எழுதவில்லை. மெல்பேர்ணைப் பற்றி இரண்டு பக்கமும், சீமெந்தைப் பற்றி ஒரு பக்கமும் எழுதி, ஈற்றிலே திட்டமிடுவோரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தாள். இப்போதிருக்கும் கட்டடத்தை ஓடு மாற்றித் திருத்துவதற்கு எவ்வளவு செல்லும் என்று எவராவது கணக்குப் பார்த்தனரா? பின்வளவிலே வெறுமையாய்க் கிடக்கும் நிலத்திலே புதிய கட்டடத்தை ஏன் எழுப்பலாகாது? அந்த யன்னல்கள் திறக்குமா?

கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. கேள்விகளுக்கு இதுவரை விடை வரவில்லை. மாரி தொடங்கிவிட்டது, மாணவர் வாங்குகளைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டு, நெடிய யன்னல்களைத் திறந்துவைத்து, விரிவுரை கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.